பக்கத்தில் பைபிளை வைத்துக்கொண்டு கேட்ட ரெக்கார்டு

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்', 1967 டிசம்பர் 27-ல் வெளிவந்த ஆல்பம். நான் வாங்கியது மறுபதிப்பு எல்பி. 12 பாட்டு, மொத்தம் 38 நிமிடம் சொச்சம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 2,600 ரூபாய்க்கு வாங்கினேன், கிருஷ்ணகிரிக்கு வந்து சேர 11 நாள் ஆனது. டெலிவரி தம்பி போன் போட்டு, "அண்ணா, தட்டு மாதிரி ஒண்ணு வந்திருக்குது, உள்ள உடைஞ்சிருந்தா என்னைக் கேக்காதீங்க" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் கேட்டுக்கே வந்தார். உடையவில்லை. உறையின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன், விற்பனையாளரிடமிருந்து ஒரு கும்பிடு எமோஜி வந்தது, அத்தோடு விவகாரம் முடிந்தது. தட்டு சுத்தம், சத்தம் சுத்தம், கரகரப்பு இல்லை. இதற்கு மேல் பொருளைப் பற்றிப் புகார் என்றால் ஒன்றே ஒன்று: என் பிரதியில் பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் கிடையாது. இந்த ஆல்பத்துக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று போகப் போகப் புரியும்.

நான் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவன் இல்லை. மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறவன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிடாரில் பிய்த்து எடுக்கிற 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' காலேஜ் காலத்திலிருந்தே பிடிக்கும், அதன் மூலப் பாட்டு இந்தத் தட்டில் இருக்கிறது என்பதால்தான் வாங்கினேன். போட்டுக் கேட்டால் ஏமாற்றம். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன், பின்னால் பேஸும் டிரம்ஸும், அவ்வளவுதான். ஹென்ட்ரிக்ஸ் 1968-ல் கட்டியது மாளிகை என்றால் இது ஓலைக் கொட்டாய். பாட்டுகளும் ஒரு மாதிரி இருந்தன. யாரோ வருகிறான், யாரையோ பார்க்கிறான், ஏதோ நடக்கிறது, முக்கால் கதையில் பாட்டு நின்றுவிடுகிறது. பாதி சினிமாவில் கரண்ட் போன மாதிரி. இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது.

அதை எடுத்தது எலத்தகிரி நண்பன். அவன் வீட்டில் ஒரு விசேஷம்: அம்மா ஆர்.சி., மருமகள் சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து வந்தவர், ஆகவே அலமாரியில் இரண்டு பைபிள். அம்மாவிடம் 1995-ல் வந்த திருவிவிலியம். மருமகளிடம் பழைய மொழிபெயர்ப்பு, போன நூற்றாண்டுக்கும் முந்திய தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாடு ஆன பிறகு என்னையும் ரெக்கார்டையும் பிளேயரையும் சேர்த்துக் கூப்பிட்டான். கூகுளில் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, "டேய், இது பாட்டுப் புஸ்தகம் இல்ல, வேதப் பாடம்" என்றான். அம்மா சமையல்கட்டிலிருந்தே, "ரெக்கார்டு கேக்கறதுக்கு எதுக்குப்பா பைபிள்?" என்று கேட்டார். சாயங்காலம் கிளம்பும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எசாயாவைப் புரட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

அந்த வாட்ச்டவர் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் திடீரென்று ஒரு கோட்டை மதில், பிரபுக்கள் காவல் பார்க்கிறார்கள், தூரத்தில் காட்டுப்பூனை உறுமுகிறது, இரண்டு பேர் குதிரையில் வருகிறார்கள், காற்று ஊளையிடுகிறது. முடிந்தது. யார் அந்த இரண்டு பேர்? ஏசாயா 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறார்கள். அங்கே பிரபுக்கள் பந்தியில் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள், ஜாமக்காரன் ராவெல்லாம் காவலில் நின்று சிங்கம் போலக் கத்துகிறான், ஜோடியாகக் குதிரைவீரர் வருவதைப் பார்க்கிறான். அடுத்த வாய் வார்த்தை: "பாபிலோன் விழுந்தது, விழுந்தது." டிலன் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லவே இல்லை. குதிரை வருகிற இடத்தில் நிறுத்திக்கொண்டார். வேதம் தெரிந்தவன் காதில் மட்டும் பாட்டு முடிந்த பிறகு அந்த வரி கேட்கும், தெரியாதவனுக்குக் காற்றுச் சத்தத்தோடு சரி. இன்னொன்று, பாட்டில் நிகழ்ச்சிகள் தலைகீழ் வரிசையில் இருப்பதாக டிலனே 1968-ல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கடைசியில் வருகிற மதில்தான் ஆரம்பம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோமாளியும் திருடனும்தான் குதிரையில் வருகிற இரண்டு பேர் என்று ஆகிறது. இதைக் கண்டுபிடித்தபோது நண்பன் தொடையில் அடித்துக்கொண்டான். எனக்கோ ஜாமக்காரன் என்ற சொல்லே போதுமாக இருந்தது. எங்கள் பக்கம் ராகிக் கொல்லையில் யானைக்குப் பயந்து பரண் மேல் ராவெல்லாம் விழித்திருக்கிற ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இங்கே எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நமக்கு இது புதுசே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம். கூத்தில் ஒரு நடிகர் "விரித்த கூந்தல்" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், எதிரே துண்டை விரித்துப் படுத்திருக்கிற கிழவர் கூட அது என்ன கூந்தல் என்று கேட்கமாட்டார். தகடூர்க்காரனிடம் நெல்லிக்கனி என்று சொன்னால் அதியமானும் ஔவையும் விளக்கமில்லாமல் வந்து நிற்பார்கள். டிலன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய கிழவர்கள் வேறு ஊர்க்காரர்கள். நான் கொட்டகைக்கு வெளியே நின்று கூத்து பார்த்தவன் மாதிரி முதல் தடவை முழித்ததில் ஆச்சரியமில்லை.

ஃபோக் ராக் (நாட்டுப்பாட்டும் ராக்கும் கலந்த வகை) பாட்டுகளில் வேதமும் இலக்கியமும் வருவது அபூர்வம் ஒன்றும் இல்லை, தெரியும். 1965-ல் பேர்ட்ஸ் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் போன 'டர்ன்! டர்ன்! டர்ன்!' ஏறக்குறைய முழுவதும் பிரசங்கி மூன்றாம் அதிகாரம்தான். "ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு" என்பதில் தொடங்குகிறது, பீட் சீகர் மெட்டுப் போட்டு, கடைசியில் சமாதானத்துக்கு இன்னும் காலம் கடக்கவில்லை என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். நல்ல பாட்டு, ஆனால் அது பாராயணம். சைமனும் கார்ஃபங்கலும் 1966-ல் ஒரு காதல் கசந்த பாட்டில் எமிலி டிக்கின்சன், ராபர்ட் ஃப்ராஸ்ட் என்று கவிஞர் பெயர்களை வைத்தார்கள். அங்கே கவிஞர்கள் சும்மா மேசை மேல் கிடக்கிற புத்தகங்கள். அதில் வருகிற இருவரும் அந்த மாதிரி ஆட்கள் என்பதால் அது சரிதான். டிலனே 1965-ல் 'டெசலேஷன் ரோ'வில் காயீனும் ஆபேலும், ஒஃபீலியாவும், எஸ்ரா பவுண்டும் டி.எஸ். எலியட்டும் என்று 11 நிமிடத்துக்கு ஒரு ஊர்வலமே விட்டார். சாமி ஊர்வலத்தில் எல்லா வாகனமும் ஒரே நாளில் வந்தால் எப்படி இருக்கும்? பிரமிப்பு உண்டு, கொஞ்சம் மூச்சும் முட்டும். இரண்டே வருஷத்தில் இந்த ஆல்பத்தில் அவர் பெயர்களை முக்கால்வாசி உதறிவிட்டார். மிச்சம் இருப்பது சாயல். வேத வாக்கியம் எப்படி நடக்குமோ அப்படி நடக்கிற வாக்கியம். எனக்கு இதுதான் உசத்தியாகப் படுகிறது, ஆயிரம் பேர் சண்டைக்கு வந்தாலும்.

இடையில் நடந்தது கொஞ்சம். 1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்து, அதற்கப்புறம் வுட்ஸ்டாக் பக்கம் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். அந்த வீட்டில் படிப்பறை நடுவே ஒரு தாங்கியில் பெரிய பைபிள் திறந்தே இருக்கும், வீட்டில் இருக்கிற அத்தனை புத்தகத்தில் அதைத்தான் அவன் அதிகம் பார்க்கிறான் என்று அவருடைய அம்மா 1968-ல் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஊர் உலகமே ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ண வண்ணமாக ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த வருஷத்தில், இவர் நாஷ்வில் போய் மூன்றே அமர்வில் பதிவை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். சார்லி மெக்காய் பேஸ், கென்னத் பட்ரி டிரம்ஸ். ஓலைக் கொட்டாய் என்றேன் அல்லவா, வேண்டுமென்றே போட்ட கொட்டாய்.

இப்போது இரண்டாம் பக்கம். 'ஐ பிட்டி தி புவர் இமிக்ரன்ட்'. பிழைக்கப் போன ஒருவனைப் பார்த்து இரங்குகிற பாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பார்த்தால் பாதி வசை மாதிரி இருக்கிறது. பொய் சொல்கிறான், தின்கிறான் திருப்தியில்லை, பலமெல்லாம் வீணாகச் செலவழிகிறது, அவனுக்கு வானம் இரும்பு. சி.எஸ்.ஐ. மருமகள் இந்த இரும்பு என்ற சொல்லைக் கேட்டதும் லேவியராகமம் 26 என்றார், திறந்தார், இருந்தது. கடவுள் தன் சொல்லைக் கேட்காத ஜனத்துக்கு விடுகிற எச்சரிக்கை: "உங்கள் வானத்தை இரும்பைப்போலவும், உங்கள் பூமியை வெண்கலத்தைப்போலவும் ஆக்குவேன்." பலன் விருதாவாய்ப் போவதும், சாப்பிட்டும் திருப்தி அடையாததும் அதற்குப் பின்வரும் வசனங்களில். அப்படியானால் பாட்டில் இரங்குகிற குரல் யாருடையது? பக்கத்து வீட்டுக்காரனுடையதா, தண்டனை கொடுத்தவருடையதேவா? கொடுத்தவரே இரங்குகிறார் என்றால் அந்த இரக்கத்துக்கு என்ன அர்த்தம்? இந்தக் கேள்வி வந்தபிறகு அந்தப் பாட்டை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. வானம் இரும்பாவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை ஏமாற்றிய வருஷங்களில் ஊர் ஊராகப் பூட்டிவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பஸ்களில் நானும் ஏறியிருக்கிறேன். என் அப்பா அங்கே சென்ட்ரிங் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு வரும்போது அவர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து என் அம்மா, "யாராச்சும் புடுங்கிக்கப் போறாங்களா?" என்று கேட்பார். பாட்டில் அந்த வரி வருகிற இடத்தில் எனக்கு அந்த வட்டில்தான் தெரிகிறது. டிலனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, அதற்கென்ன.

அதற்கு அடுத்தது 'தி விக்கெட் மெசஞ்சர்', கெட்ட தூதன். நீதிமொழிகள் 13:17, "துரோகமுள்ள தூதன் தீதிலே விழுவான்". பாட்டில் இவன் ஏலியிடமிருந்து வருகிறான். ஏலி யார் என்றால் 1 சாமுவேல் நான்காம் அதிகாரத்தில் 98 வயதுக் கிழவர், போர்க்களத்திலிருந்து ஓடிவந்த ஒருவன் சொன்ன கெட்ட சேதியைக் கேட்டு இருக்கையிலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தவர். பாட்டின் கடைசியில் ஜனங்கள் தூதனிடம் சொல்வது, நல்ல சேதி இல்லையென்றால் சேதியே கொண்டுவராதே என்று. இரண்டு நிமிடப் பாட்டு, மெட்டு மாடிப்படியில் இறங்குகிற மாதிரி கடகடவென்று இறங்குகிறது. எனக்கு உடனே ஔவை ஞாபகம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவன் ஆயுதசாலையைக் காட்டியதும் புறநானூறு 95-ல் என்ன சொன்னார்? உன் வேல்களெல்லாம் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அவனுடையதெல்லாம் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. புகழ்கிற மாதிரி இகழ்ந்து, கெட்ட சேதியை நல்ல சேதியாகச் சுற்றிக் கொடுத்த ஆள். டிலனின் தூதனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, பாவம், உள்ளங்கால் எரிகிறது என்று ஒரு சீட்டைக் காட்டுகிறான்.

'ஐ ட்ரீம்ட் ஐ சா செயின்ட் அகஸ்டின்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பனின் அம்மாவுக்கு இதில்தான் கோபம் வந்தது. கனவில் புனித அகுஸ்தீனாரைப் பார்க்கிறான், அவரைக் கொன்றவர்களில் தானும் ஒருவன் என்று கண்டு அழுகிறான். "அவரை யாரும் கொல்லல தம்பி, நோயில செத்தார்" என்றார் அம்மா. உண்மை. கி.பி. 430-ல், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிற ஹிப்போ நகரை வாண்டல் இனத்தார் முற்றுகை போட்டிருந்தபோது படுக்கையில் இறந்தார். பிறகு நான் தேடிப் பார்த்ததில், பாட்டின் முதல் வரி அப்படியே 'ஜோ ஹில்' என்ற பழைய தொழிற்சங்கப் பாட்டின் சாயல். ஜோ ஹில் 1915-ல் யூட்டாவில் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளர் பாடகன், அவன் கனவில் வந்து நான் சாகவேயில்லை என்று சொல்வதாக அந்தப் பாட்டு. அங்கே செத்தவன் சாகவில்லை என்கிறான், இங்கே கொல்லப்படாதவரைக் கொன்றுவிட்டோம் என்று ஒருவன் அழுகிறான். தப்பாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. புனிதர் புனிதர்தான்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கிறேன். 'ஃபிராங்கி லீ அண்ட் ஜூடாஸ் பிரீஸ்ட்' ஐந்தரை நிமிட வில்லுப்பாட்டு. யூதாஸ் பணத்தை நீட்டுகிறான், ஃபிராங்கி லீ தடுமாறுகிறான், ஒரு வீட்டுக்குள் ஓடித் தாகத்தால் சாகிறான், கடைசியில் நீதி என்று ஒன்று சொல்கிறார்கள், அது நம் கட்டியங்காரன் சொல்கிற நீதி போல வேண்டுமென்றே சப்பையாக இருக்கிறது. ('ஜூடாஸ் பிரீஸ்ட்' என்ற மெட்டல் குழுவுக்குப் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.) 'டிரிஃப்டர்ஸ் எஸ்கேப்'பில் கோர்ட் மேல் இடி விழுந்து கைதி தப்பிக்கிறான், எனக்கு அப்போஸ்தலர் 16-ல் பூமி அதிர்ந்து சிறைக்கதவு திறந்தது ஞாபகம் வந்தது, ஆனால் அங்கே பவுலும் சீலாவும் ஓடவில்லை, இவன் ஓடிவிட்டான். 'டியர் லேண்ட்லார்ட்' என்பதை வீட்டுக்காரர் என்று சொன்னால் தமிழில் புருஷன் என்றும் ஆகிவிடும், மருமகள் சிரித்துக்கொண்டே இருந்தார். தலைப்புப் பாட்டின் நாயகன் நிஜமான ஒரு துப்பாக்கிக் கொள்ளைக்காரன், ஹார்டின். மெதடிஸ்ட் போதகரான அப்பா, சபையை நிறுவிய ஜான் வெஸ்லியின் பெயரை மகனுக்கு வைத்திருந்தார், டிலன் கடைசியில் ஒரு எழுத்து சேர்த்திருக்கிறார். பெயரை மட்டும் பார்த்தால் நல்ல விஷயம், பாட்டு சுமார். கடைசி இரண்டு பாட்டிலும் வேதமும் இல்லை இலக்கியமும் இல்லை, பீட் டிரேக்கின் ஸ்டீல் கிடாரோடு காதல். அதுவரை மூளையைக் கசக்கியவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருந்தது.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிலனுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நம் நாட்டுக்காரர்கள், வங்காளத்துப் பூர்ண தாஸ், லட்சுமண தாஸ் சகோதரர்கள், ஊர் ஊராகப் பாடித் திரிகிற பாவுல் மரபு. "பாவுல் பாடகர்கள்மா" என்று நான் சொன்னதை அம்மா "பவுல்" என்று கேட்டுவிட்டு, "எந்தப் பவுலு, திருத்தூதரா?" என்று அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார். அந்த ஆல்பத்துக்கு இப்படி ஒரு குழப்பம் பொருத்தம்தான்.

வாங்கலாமா என்றால், வாட்ச்டவர் பாட்டு மட்டும் வேண்டுமென்றால் வேண்டாம், ஹென்ட்ரிக்ஸே போதும். நேரம் இருக்கிறவர்கள் வாங்கலாம், ஆனால் பழைய மொழிபெயர்ப்பு பைபிளையே பக்கத்தில் வையுங்கள். திருவிவிலியம் படிக்க சுலபம், அர்த்தம் பளிச்சென்று தெரியும். ஆனால் டிலன் காதில் இருந்தது 1611-ன் கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ், அந்தப் பழைய வாசனைக்கு "ஸ்தானாபதி", "ஔஷதம்" என்று பேசுகிற தமிழ்தான் ஜோடி. ஒரு எச்சரிக்கையும் உண்டு. வரிக்கு வரி வசன எண் ஒட்டுகிற வியாதி தொற்றிக்கொள்ளும், எனக்கு மூன்று வாரம் இருந்தது, கடைசியில் அந்தக் காதல் பாட்டில் வருகிற நிலாவுக்கும் வசனம் தேடிக்கொண்டிருந்தேன், நண்பன்தான் போனைப் பிடுங்கி வைத்தான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்று குறைத்தது வரிகள் அச்சிடாததற்கு. தட்டு இப்போது எலத்தகிரியில் இருக்கிறது. அகுஸ்தீனார் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு மாதம் ஆகிறது.